நோய்ப்படுக்கையில் புனித அல்போன்சா



முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களிலும் நாம் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஸ்கேன் எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை. எட்டு மணி நேரம் நின்றபடியே ஷிப்ட் பார்க்கும் பெண்கள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மனக்கவலைதான், நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லாததால் கம்பெனியில் விடுப்பும் இல்லை, வீட்டில் இரக்கமும் இல்லை.

மருத்துவரை மட்டும் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. நமது அன்பியத்தில் ஒரு சகோதரி காலைத் திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கைகால் வலி என்றார். அதே நாள் மாலையில் கடைத்தெருவில் பை தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. நாமும் அதை நமக்குள் பேசிக்கொண்டோம். அவருடைய காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இந்தப் பின்னணியில்தான் நமது நாட்டின் முதல் பெண் புனிதரான அல்போன்சாவின் வாழ்வை மீண்டும் எடுத்து வாசித்தோம்.

1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் கேரளத்தில் கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் அவர் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் அன்னக்குட்டி. பிறந்த சில மாதங்களிலேயே தாயை இழந்ததால் பின்னர் பெரியம்மாவின் கண்டிப்பில் வளர்ந்தார். 1923இல் திருமணப் பேச்சு எழுந்தபோது, அதைத் தவிர்ப்பதற்காக உமி எரிந்துகொண்டிருந்த குழியில் காலை வைத்துச் சுட்டுக்கொண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. (இதை நமது பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, புனிதர்களின் எல்லாச் செயலும் பின்பற்றுவதற்கு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) 1927இல் பரணங்கானத்திலுள்ள பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் மடத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டு அல்போன்சா என்ற பெயரை ஏற்றார்.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் படித்தால் ஒரு மருத்துவக் கோப்பைப் புரட்டுவது போலவே இருக்கிறது. 1930 முதல் 1935 வரை உடல் நோயும் மன வேதனையும். வாகக்காடு பள்ளியில் ஆசிரியையாக ஓர் ஆண்டுதான் நிற்க முடிந்தது. பிறகு உதவி ஆசிரியை, மறைக்கல்வி, கையெழுத்து அழகாக இருந்ததால் கடிதம் எழுதும் பணி. 1934இல் நவதுறவுப் பயிற்சி தொடங்கியபோது, உடல்நிலையைக் காரணம் காட்டி இவரைச் சேர்க்கவில்லை. ஓராண்டு காத்திருந்து 1935 ஆகஸ்ட் 12இல் சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் இரத்தம் வந்தது, கால்களில் சீழ்ப் புண்கள் தோன்றின. இறையடியார் குரியாக்கோஸ் எலியாஸ் சாவராவை நோக்கிச் செய்த நவநாளின்போது குணமடைந்தார். 1936 ஆகஸ்ட் 12இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். 1939 ஜூனில் கடும் நிமோனியா. பென்சிலின் நமது ஊர்களுக்கு வந்து சேராத காலம் அது.

1940 அக்டோபர் 18ஆம் நாள் நள்ளிரவில் அவரது அறைக்குள் ஒரு திருடன் நுழைந்தான். அந்த அதிர்ச்சியில் அவர் நினைவாற்றலை இழந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 29இல் நோயில்பூசுதல் வழங்கும் அளவுக்கு நிலை மோசமானது. அதற்கு அடுத்த நாள் நினைவு திரும்பியது, முழு நலம் திரும்பவில்லை.

இந்த நிகழ்ச்சியில் நாம் சற்று நிற்க வேண்டும். அவர் உடலில் யாரும் காயம் ஏற்படுத்தவில்லை. நோயின் தொடக்கம் பயத்தில்தான். இன்றைக்கு அவர் ஒரு மருத்துவர் முன் அமர்ந்திருந்தால், எல்லாம் மனதில்தான் என்ற பதில் கிடைத்திருக்கக்கூடும். ஆனால் மனதில் தொடங்கியது என்பதால் அந்த நினைவிழப்பு நடிப்பாகிவிடுமா? மனமும் இறைவன் படைத்ததுதானே.

தம் மடத்திலேயே அவர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார் என்பதும் அவரது வரலாற்றில் உள்ளது. அவர் சிரித்த முகத்துடன் இருந்தவர். நோயாளி சிரித்தால் இவருக்கு என்ன வலி என்பார்கள், அழுதால் நடிக்கிறார் என்பார்கள். நீண்டகால நோயாளிக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்பதே ஒரு பாரம்.

சோதனையில் தெரியாத நோய் இல்லாத நோய் அல்ல. லூப்பஸ் என்ற நோயை இரத்தத்தில் கண்டறிய வழிகாட்டிய எல்.இ. செல், அல்போன்சா இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1948இல்தான் விவரிக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள்வரை நோயாளிகள் பொய் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிலக்கு வலி எல்லாருக்கும் உள்ளதுதான் என்று தாய்மாரே சொல்லிவிடுவதாலும் அது பல ஆண்டுகள் தெரியாமல் போகிறது.

மருத்துவரை மதிக்கும்படி சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. வாசலில் நூறு பேர் காத்திருக்கும்போது மருத்துவருக்கு ஒருவருக்கென்று கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே வலி வரும் நேரத்தையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. கூட ஒருவர் போவது இன்னும் நல்லது. நவநாள் செய்கிறோம் என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் கைப்பொருளையெல்லாம் செலவழித்தும் நிலைமை மோசமானவர். யாயீரின் மகள் சாகும் தறுவாயில் இருக்க, இயேசு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஆயினும் நின்றார். அந்தப் பெண் நடந்தது அனைத்தையும் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.

அல்போன்சா 1946 ஜூலை 28இல் தமது 35ஆம் வயதில் இறந்தார். அவருடைய கல்லறைக்கு முதலில் மெழுகுதிரியுடன் வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்று சொல்வார்கள். 1986 பிப்ரவரி 8இல் கோட்டயத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். எந்தச் சாவராவை நோக்கி அவர் வேண்டினாரோ, அவரும் அதே நாளில் அதே மேடையில் உயர்த்தப்பட்டார். 2008 அக்டோபர் 12இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அல்போன்சாவைப் புனிதராக அறிவித்தார்.

நமது அன்பியச் சகோதரிக்கு வேறொரு மருத்துவர் நேரம் கொடுத்துக் கேட்டு, விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்து, முடக்குவாதம் என்று கண்டுபிடித்தார். அந்த நோயில் காலையில்தான் மூட்டுகள் இறுகிப்போகுமாம், நேரம் ஆக ஆகத் தளருமாம். அதனால்தான் காலைத் திருப்பலிக்கு வர முடியாதவர் மாலையில் கடைக்குப் போக முடிந்தது. நாம் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் தரையில் பாய்க்குப் பதிலாகத் தனக்கு ஒரு நாற்காலி போட முடியுமா என்று மட்டும் கேட்டார்.