எண்ணிப் பார்க்கச் சொன்ன அரங்கநாதன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

சீர்காழியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில் பாதை விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஞானசம்பந்தர் பிறந்த அந்தச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். அவர் பெயரின் முதலெழுத்தாக நிற்கும் சியாளி என்பது ஆங்கிலேயர் நாவில் சிக்கிய சீர்காழியே. ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் எட்வர்டு ராஸிடம் கணிதம் பயின்று 1916இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மங்களூர், கோயம்புத்தூர் அரசினர் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நம்மைப் போன்ற அரசினர் கல்லூரி மாணவர்களின் ஆசிரியராகத்தான் அவர் வாழ்வு தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவர் விரும்பித் தேடிய வேலை அன்று அது. சில நாட்களிலேயே தனிமை தாங்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று பழைய கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். இலண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதல்வர். போனார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925இல் திரும்பியவர் அதன்பின் வகுப்பறைப் பக்கம் போக ஆசைப்படவில்லை. ஆனால் கணிதத்தை விட்டுவிடவும் இல்லை.

வாசகர்களே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். பிறகு எண்ணத் தொடங்கினார். ஆண்டுக்கு எத்தனை நூல்கள் வருகின்றன, வாயில் மேசை எத்தனை மணி நேரம் இயங்குகிறது, நாளைக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்று எண்ணி, அதிலிருந்து எத்தனை ஊழியர் வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாடே வகுத்தார். நாளொன்றுக்கு 50 வாசகர் வந்தால், அவர்களுக்கு உதவ ஓர் ஆள் வேண்டும். இது அந்த வாய்பாட்டின் ஒரு வரி. எவ்வளவு எளிமை பாருங்கள்! எண்ணியது வாசகனை மதிப்பிடுவதற்காக அன்று. அவன் காத்து நிற்காமல் இருப்பதற்காக. நூலகத்திற்கான ஐந்து விதிகளை விளக்கும் நூலை 1931இலும், கோலன் பகுப்புமுறையை 1933இலும் வெளியிட்டார். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடந்த மாநாட்டில், நூலகப் பணிக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் ஒரு துறை வேண்டும் என்று கேட்டு, அதற்கு லைப்ரமெட்ரி எனப் பெயரும் சூட்டினார்.

அந்தத் துறையின் கிளைகள் பின்னர் வேறு திசையில் ஓடின. 1960களில் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு, எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுத்து அட்டவணை வெளியிட்டார். 1969இல் பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற சொல் வழக்கிற்கு வந்தது. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் எச்-குறியீட்டெண்ணைத் தந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, பதினொன்றுக்கு அப்படிச் சொல்ல முடியாதென்றால் அவர் எண் 10. கணக்கில் குற்றமில்லை. ஆனால் உயிரியலில் மேற்கோள்கள் மழையாய்ப் பொழியும். கணிதத்தில் தூறலாய் விழும். எங்கள் ஊர்ப்பக்கம் கரும்பை டன் கணக்கிலும் மல்லாட்டையை மூட்டைக் கணக்கிலும் பேசுவார்கள். ஏக்கருக்கு இவன் இத்தனை எடை எடுத்தான் என்று கரும்புக்காரனையும் மல்லாட்டைக்காரனையும் யாரும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத என் தந்தைக்கும் இது தெரியும். அதனால்தான் அளவையியலார் ஒரு கட்டுரையை அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிட வேண்டும் என்கின்றனர்.

அப்படிச் சரிசெய்தாலும் அரங்கநாதன் அந்தத் தராசில் முழுதாக ஏறமாட்டார். மேற்கோள் அட்டவணைகள் பெரும்பாலும் ஆய்விதழ்களை வைத்துப் பிறந்தவை. அவருடைய உயிர்ப்பணியோ நூல்களில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. விழுப்புரம் மாவட்டத்தில் மணிலாப் பயிரைத் தாக்கும் நோய் பற்றி ஒரு நூல் இருக்கிறது என்று கொள்வோம். அதை ஒரே பெட்டியில் அடைக்காமல் பயிர், நோய், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்துப் பின் சேர்த்துக் குறிப்பதே அவர் கண்ட வழி. 1952இல் இலண்டனில் தோன்றிய பகுப்பாய்வுக் குழு இதைக் கையில் எடுத்துக்கொண்டது. இன்று கைப்பேசியில் புடவை வாங்குவோர் நிறம், விலை, துணி என்று தனித்தனியே தேர்ந்து சலிப்பதும் இதே முறைதான். அங்கெல்லாம் அவர் பெயரை யார் எழுதுகிறார்கள்? ஒரு கருத்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் அதற்கு மேற்கோள் நின்றுவிடுகிறது. கார்ஃபீல்டே 1984இல் அரங்கநாதனைப் போற்றி இரண்டு பகுதிகளாகக் கட்டுரை எழுதினார். அட்டவணை செய்யாததைக் கட்டுரை செய்தது எனலாம்.

1967இல் அரங்கநாதன் கணித மேதை இராமானுஜனின் வரலாற்றை நூலாக எழுதினார். 1927இல் தொகுக்கப்பட்ட இராமானுஜனின் கட்டுரைகள் 37. அவற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அவருடைய எச்-எண் உலகம் உள்ளவரை 37ஐத் தாண்டாது. கட்டுரைகளின் எண்ணிக்கையை மிஞ்ச அந்த எண்ணுக்கு வழியே இல்லை.

இது நமக்கு வேண்டாத வம்பு அன்று. 2010ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், வெளியிட்ட கட்டுரைகளுக்குப் புள்ளி போட்டு ஆசிரியர்களின் பணி உயர்வைப் பார்க்கத் தொடங்கின. நம் பேராசிரியர்கள் மாலையில் நமக்காகச் செலவிடும் நேரத்திற்கு அத்தகைய பட்டியலில் எத்தனை புள்ளி? நாளை நம்மில் ஒருவர் ஆய்வுக்குப் போனால், நம் மண்ணைப் பற்றிய கேள்வியை எடுப்பதா, விரைவில் மேற்கோள் கிடைக்கும் கேள்வியை எடுப்பதா? முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு இரண்டாவதை விட்டுவிடும் துணிவு எளிதில் வராது.

அரங்கநாதன் காசி, தில்லி, உஜ்ஜயினி என்று பணியாற்றிவிட்டு, 1962இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே, தாம் சேர்த்த ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்து, துணைவியார் சாரதையின் பெயரையும் சேர்த்து ஒரு நூலகவியல் இருக்கை அமையச் செய்திருந்தார். 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியரானார். 1972 செப்டம்பரில் மறைந்தார். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1969இல், எழுபத்தேழு வயதில், தம் மையத்தின் கருத்தரங்கிற்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். பொருள், மீண்டும் அந்த லைப்ரமெட்ரிதான்.