தத்துவம் பயின்ற தையற்காரர் மகன்: அல்லாமா இக்பால்



நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். நாம் அல்லாமா முஹம்மது இக்பாலைத் தேர்ந்தெடுத்தோம். கவிஞராக அவரை எல்லாரும் அறிவர். அவர் கல்லூரிகளில் முறையாகப் படித்தது தத்துவம் என்பதும், அந்தப் படிப்பின் கனி சென்னையில் வெளிப்பட்டதில் தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவருக்குப் பங்கு உண்டு என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

இக்பால் 1877 நவம்பர் 9ஆம் நாள் பஞ்சாபின் சியால்கோட் நகரில் பிறந்தார். தந்தை ஷேக் நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர். ஏட்டுக் கல்வி இல்லாவிட்டாலும் மார்க்கப் பற்று மிகுந்தவர். தாயார் இமாம் பீபி. மௌலவி மீர் ஹசனிடம் அரபியும் பாரசீகமும் கற்ற இக்பால், லாகூர் அரசுக் கல்லூரியில் 1899இல் தத்துவத்தில் எம்.ஏ. தேறினார். அங்கே வாய்த்த ஆசிரியர் தாமஸ் ஆர்னால்டு, இஸ்லாம் பரவிய வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர். மேற்படிப்புக்காக 1905இல் இக்பால் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். செலவுக்குக் கை கொடுத்தவர் அண்ணன் அதா முஹம்மது.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் தத்துவம், லண்டனில் சட்டம், ஜெர்மனியின் மூனிச் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். மூன்றே ஆண்டுகளில் இவ்வளவையும் முடித்தார். பாரசீகத்தில் மெய்ப்பொருளியல் வளர்ந்த விதமே அவருடைய ஆய்வுப் பொருள். அந்த ஆய்வு 1908இல் லண்டனில் நூலாக வந்தது.

மெய்ப்பொருளியல் என்றால் என்ன? ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்வதன் பொருள் என்ன, எல்லாவற்றுக்கும் முதற்காரணம் எது, ஆன்மா எத்தகையது என்று ஆராயும் கல்வி அது. கிரேக்கத்தில் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் வளர்த்தார்கள். பின்பு அவர்களுடைய நூல்கள் பாக்தாதில் அரபிக்கு வந்தன. அது எளிய படிப்பன்று. இப்னு சீனா போன்ற மேதையே அரிஸ்டாட்டிலின் நூலை நாற்பது தடவை படித்தும் விளங்காமல், கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய அல்ஃபாராபியின் சிறு நூலால் தெளிவு பெற்றதாகத் தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். பிற்காலக் கிரேக்கர் கருத்துகளும் அரிஸ்டாட்டில் கருத்துகளும் ஒன்றாகக் கலந்து வந்ததால் நம் அறிஞர்கள் பட்ட பாட்டை இக்பால் தம் ஆய்வில் விளக்கினார்.

ஊர் திரும்பியவருக்குச் சோறு போட்டது தத்துவமன்று, வக்கீல் தொழில்தான். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் படித்ததை அவர் கைவிடவில்லை. 1915இல் பாரசீக மொழியில் வெளியிட்ட அஸ்ராரே குதீ என்ற காவியத்தில், இவ்வுலகை வெறும் நிழலாகக் கண்ட பிளேட்டோவைக் கடுமையாக எதிர்த்தார். அந்நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது.

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். சென்னையில் தோல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜமால் முஹம்மது சாஹிப், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் சார்பில் இஸ்லாமியச் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்து வந்தார். 1925இல் மௌலானா சுலைமான் நத்வி வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றிப் பேசினார். 1929 ஜனவரியில் இக்பால் வந்தார். சென்னையில் மூன்று உரைகள் ஆற்றிவிட்டு பெங்களூர், மைசூர், ஹைதராபாத் நகரங்களுக்கும் சென்றார்.

கிரேக்கக் கல்வி முஸ்லிம் அறிஞர்களின் பார்வையை விரித்தது, ஆனால் குர்ஆனைக் காணும் கண்ணை மங்கவும் செய்தது என்பது அவர் காட்டிய முடிவு. சாக்ரட்டீஸ் மனிதனை மட்டுமே ஆராயத் தக்கவனாகக் கருதினார். குர்ஆனோ தேனீக்கும் வஹீ அறிவித்ததைச் சொல்கிறது. பிளேட்டோ புலனறிவை இகழ்ந்தார். குர்ஆனோ செவியையும் கண்ணையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாக மதிக்கிறது. கிரேக்கரை ஆழக் கற்றதால்தான் அவர்களோடு எங்கே சேர்ந்து நடக்கலாம், எங்கே பிரிய வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தது.

அவ்வுரைகள் மேலும் மூன்றுடன் சேர்ந்து 1930இல் லாகூரில் நூலாயின. 1934இல் ஏழாவது உரையும் சேர்ந்து ஆக்ஸ்போர்டு பதிப்பு வந்தது. இக்பால் 1938 ஏப்ரல் 21இல் காலமானார். லாகூர் பாத்ஷாஹி பள்ளிவாசல் அருகே அடக்கமானார். ஜமால் முஹம்மது சாஹிபின் பெயரில் திருச்சியில் 1951இல் தொடங்கிய கல்லூரி இன்றும் நடக்கிறது.

டிப்ளோமா முடித்ததும் கடைக்கு வந்தவர்கள் நாம். எந்தப் படிப்பைச் சொன்னாலும் சம்பளம் எவ்வளவு என்றே முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி தவறன்று. குடும்பம் நடக்க வேண்டுமே. ஆனால் நாளை கமுந்திங்கில் நம் வீட்டுப் பெண்ணோ பையனோ தத்துவமோ வரலாறோ மேற்படிப்பாகப் படிக்க விரும்பினால், கல்லாவில் இருக்கும் நாம் என்ன சொல்லப் போகிறோம்? சியால்கோட் அண்ணனும் சென்னைத் தோல் வணிகரும் லாபம் பார்த்துக் கொடுக்கவில்லை. சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அத்தகைய பிள்ளைக்கும் நம் கல்வி உதவியில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமக்கு அந்த மனத்தைத் தருவானாக. ஆமீன்.