புரதத்தின் வளைவுகளை அளந்த ஜி.என்.ராமச்சந்திரன்

கொல்லிமலை பஸ்ஸில் போனவங்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. கொஞ்சம் அதிகமா ஒடித்தால் வண்டி பாறையில் இடிக்கும். நம்ம உடம்பின் புரதச் சங்கிலியும் அப்படித்தான், இஷ்டத்துக்கு வளையாது. அணுவோடு அணு இடிக்கும். எந்தெந்தக் கோணத்தில் வளையலாம் என்று கணக்குப் போட்டவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அவர் முதலில் சேர்ந்தது (நம்ம ட்ரிபிள்-ஈ ஆளுங்க கவனிக்க) எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்! சர் சி.வி.ராமன்தான் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. அதை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் மூன்று இழை மாதிரியை வெளியிட்டார். அணுக்கள் ரொம்ப நெருங்கி நிற்குதே என்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். எவ்வளவுதான் நெருங்கலாம் என்று அளக்கவே இறங்கிவிட்டார் மனிதர். ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963-ல் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். ஃபை, சை என இரண்டே கோணங்கள், ஒரே கட்டம். அதில் பெரும்பகுதி போகக்கூடாத இடம்.

நோபல் கிடைக்கவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார். புதுசா ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தால், இன்னைக்கும் அந்தக் கட்டத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.