பினாங்கு வழக்கறிஞர் லோகனும் அவர் சேர்த்து வைத்த நூலகமும்

ஜார்ஜ்டவுன் – லைட் ஸ்திரீட்டில் உயர்நீதிமன்றத்தை ஒட்டி நிற்கும் பளிங்கு நினைவுச்சின்னத்தைப் பினாங்குவாசிகள் பலரும் பார்த்திருப்பார்கள். நீதி, மன உறுதி, அறிவு, நிதானம் என்ற நான்கு பண்புகளைக் குறிக்கும் சிலைகள் அதில் உள்ளன. ஆனால் அது யாருக்காக எழுப்பப்பட்டது என்று கேட்டால் யோசிப்பவர்களே அதிகம்.

அவர் பெயர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். வழக்கறிஞர், பத்திரிகையாசிரியர், மொழி ஆய்வாளர். தமிழர்களாகிய நாம் அவரைத் தெரிந்துகொள்ளத் தனிக் காரணமும் உண்டு.

ஸ்காட்லாந்தின் பெர்விக்ஷயர் பகுதியில் 1819 ஏப்ரலில் பிறந்தவர் லோகன். இருபது வயதளவில் பினாங்குக்கு வந்தார். பின்னர் அண்ணன் தம்பி இருவருமே சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார்கள். உடன்பிறந்தவரான ஆப்ரகாம் லோகன், 'சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்' பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார்.

பகலில் நீதிமன்றம், மற்ற நேரத்தில் ஆராய்ச்சி என்று வாழ்ந்த ஜேம்ஸ், 1847இல் இந்தியத் தீவுக்கூட்டத்துக்கும் கிழக்காசியாவுக்குமான ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். 'லோகனின் இதழ்' என்றே அது பேர் பெற்றது. மண்ணியல், பயிர்த்தொழில், கடல் கொள்ளை, மக்களின் வழக்கங்கள், மொழிகள் என அது தொடாத துறை குறைவு.

இந்தோனேசியா என்ற பெயர் பரவ வழிவகுத்ததும் அந்த இதழே. 1850இல் ஜார்ஜ் வின்சர் ஏர்ல் என்பவர் அந்த வகைச் சொல் ஒன்றை முன்வைத்து, பிறகு அதை வேண்டாம் என்று ஒதுக்கினார். அவர் ஒதுக்கியதை லோகன் எடுத்துக்கொண்டு, தீவுக்கூட்டத்தின் பெயராகப் புழங்கவிட்டார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1945இல் அது ஒரு சுதந்திர நாட்டின் பெயரானது.

தமிழ் உறவு

1853இல் லோகன் தம் இதழில் தென்னிந்திய மொழிக் குடும்பத்தைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 'திராவிரியன்' என்பது அவர் இட்ட பெயர். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, மலாக்கா நீரிணைக் கரையில் ஒரு வழக்கறிஞர் தமிழையும் அதன் உறவு மொழிகளையும் தனிக் குடும்பமாக வைத்து உலக மொழிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கண்ட உறவுகளில் பலவற்றைப் பின்னாளைய மொழியியல் ஏற்கவில்லை. மனித இனங்களைப் பற்றிய அக்காலத்துக் கருத்துகளும் அவர் எழுத்தில் கலந்திருக்கின்றன. கால்டுவெல்லுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கேள்வியை உலக அளவில் எழுப்பியவர்களின் வரிசையில் அவர் பெயரை விட்டுவிட முடியாது.

இப்படி ஒப்பிட வேண்டுமானால் கையில் நூல்கள் வேண்டும். இலக்கணங்கள், அகராதிகள், சொற்பட்டியல்கள் எனப் பல நாட்டு மொழி நூல்களை லோகன் சேர்த்தார். கப்பலில் வரும் நூலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது.

பினாங்கில் இறுதிக் காலம்

1853 வாக்கில் பினாங்குக்குத் திரும்பிய லோகன், 'பினாங்கு கெசட்' பத்திரிகையை ஏற்று நடத்தினார். ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைகளுக்காக நீதிமன்றத்தில் வாதிட்டார், பத்திரிகையில் எழுதினார். வெள்ளையர் ஆட்சியில் வெள்ளையர் ஒருவர் இப்படி நின்றது மக்கள் மனத்தில் பதிந்தது. 1869 அக்டோபர் 20இல் மலேரியாக் காய்ச்சலால் அவர் இறந்தபோது வயது 50தான். நார்தம் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் உள்ள பழைய புரொட்டஸ்டன்ட் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் பொதுமக்களின் நன்கொடையில் நினைவுச்சின்னம் எழுந்தது.

அவருடைய நூல்கள் என்ன ஆயின? பினாங்கில் 1817 முதலே நூலகம் இருந்தது. ஆனால் லோகனின் மொழியியல் நூல்கள், அவர் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் நூலகத்துக்காக வாங்கப்பட்டன. இன்று அவை சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் அரிய நூல் தொகுப்பைச் சேர்ந்தவை. பினாங்குக்குச் சிலையும் கல்லறையும் மிஞ்சின. அறிவுச் செல்வம் தெற்கே போய்விட்டது.

இதில் வருத்தம் இருந்தாலும் ஆறுதலும் உண்டு. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே சென்னையில் நிறுவியவர் எல்லிஸ். அவரும் சட்டம் அறிந்தவர், திருக்குறளில் தோய்ந்தவர். லோகன் பிறந்த அதே 1819இல் அவர் இராமநாதபுரத்தில் திடீரென இறந்தார். காப்பார் இல்லாமல் அவருடைய கைப்பிரதிகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. எல்லிஸுக்கு நேர்ந்தது லோகனுக்கு நேரவில்லை. நூல்களின் அருமை தெரிந்து வாங்கியவர்களும், பட்டியலிட்டு, பூச்சி அரிக்காமல் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்ட நூலகப் பணியாளர்களும் அதற்குக் காரணம். அவர்களுக்குச் சிலை கிடையாது.

நம் வீடுகளிலும் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் பழைய மலர்கள், சங்கக் குறிப்பேடுகள், நின்றுபோன இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு எல்லிஸின் கதியா, லோகனின் கதியா என்பது நம் கையில்தான் இருக்கிறது.