துடைப்பமே நுழைவுத் தேர்வு!

கல்வி உனக்கு ஆகாது என்று கதவடைப்போர் எந்த நாட்டில்தான் இல்லை? அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அடிமைகளைக் கூட்டி எழுத்தறிவிப்பதே குற்றம் என்றது சட்டம். அந்த மண்ணில் 1856-ல் அடிமையாகப் பிறந்தவர் புக்கர் வாஷிங்டன்.

1865-ல் விலங்கு ஒடிந்தது, வறுமை ஒழிந்ததா? இல்லை! உப்பு காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தான் சிறுவன். அங்கேதான் ஹாம்ப்டன் என்ற பெயர் காதில் விழுந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகக் கிறிஸ்தவ மிஷன் சங்கத்தார் ஆதரவில் 1868-ல் எழுந்த ஆசிரியப் பயிற்சிக் கூடம் அது, இன்று பல்கலைக்கழகம்.

1872-ல், ஏறத்தாழ 500 மைல் கடந்து, கந்தல் உடையோடு வாயிலில் நின்றார் புக்கர். தலைமை ஆசிரியை தந்த தேர்வு, ஓர் அறையைப் பெருக்குவது! மூன்று முறை பெருக்கினார், நான்கு முறை தூசு துடைத்தார், இடம் கிடைத்தது. அங்கேயே பணியாளாய் உழைத்துப் படித்து, 1875-ல் தேறினார். தம் மக்கள் வாழ்ந்த மால்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

1881-ல் அலபாமாவின் டஸ்கீகியில் 30 மாணவருடன் ஆசிரியப் பள்ளி தொடங்கினார். மாணவரே செங்கல் சுட்டுக் கட்டடம் எழுப்பினர். 1915-ல் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ 1,500 பேர் அங்கே பயின்றனர்.

அரசியல் உரிமை பிறகு, தொழிற்கல்வி முதலில் என்ற அவர் வாதத்தை டுபாய்ஸ் எதிர்த்தார். அதில் நாம் டுபாய்ஸ் பக்கமே! ஆனால், ஒடுக்கப்பட்டோரிலிருந்தே ஆசிரியர் எழவேண்டும் என்று உழைத்தாரே, அந்த உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம்.