சுருள்வில்லின் சொந்தக்காரர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி நமது மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டார். நான் போவதற்குள் பெரிய பெயர்களையெல்லாம் மற்ற துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுக்காரனான எனக்கு மிஞ்சியவர் ராபர்ட் ஹூக். ஆமாம், இரண்டாம் ஆண்டு எஸ்.ஓ.எம். தாளில் நம்மில் பல பேருக்கு அரியர் வாங்கிக் கொடுத்த அதே ஹூக்தான். எனக்கும் வாங்கிக் கொடுத்தார்.

அவர் எனக்கு உண்மையிலேயே அறிமுகமானது வகுப்பறையில் அல்ல, விடுதி அறையில். நண்பன் ஒருவனுடைய கம்ப்யூட்டரில் பீம்என்ஜி டிரைவ் என்று ஒரு கார் விளையாட்டு இருக்கிறது. பல கார் விளையாட்டுகளில் சுவரில் மோதினால், முன்கூட்டியே செய்து வைத்த நசுங்கிய பானெட்டை எடுத்து மாட்டிவிடுவார்கள். எப்படி இடித்தாலும் ஒரே மாதிரி நசுங்கல். இதில் அப்படி இல்லை. எந்த மூலை இடிக்கிறதோ அந்த மூலைதான் மடங்கும், எந்த வேகமோ அந்த அளவுக்குத்தான் மடங்கும். நான் ஓட்டியதைவிட இடித்ததுதான் அதிகம்.

எப்படிச் செய்கிறார்கள் என்று அந்தக் காரின் கோப்பைத் திறந்து பார்த்தோம். படம் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்தும் எண்ணும்தான். காரின் உடம்பு முழுக்கப் புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் சில எண்கள்: எவ்வளவு விறைப்பு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும், எவ்வளவு விசைக்கு மேல் போனால் நிரந்தரமாக வளைந்துவிடும், எவ்வளவுக்கு மேல் அறுந்துவிடும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நாம் லேபில் யு.டி.எம். மெஷினில் இரும்புக் கம்பியை மாட்டி இழுத்து, கிராப் ஷீட்டில் போட்ட கோடுதானே! முதலில் நேர்க்கோடு, அப்புறம் ஈல்டு, கடைசியில் டப்பென்று முறிவு. அந்த நேர்க்கோடுதான் ஹூக்.

இனி அவர் கதைக்கு வருகிறேன்.

1635ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர்த் தேவாலயத்தில் துணைப் போதகர். பிள்ளைக்குத் தீராத தலைவலி, சவலை உடம்பு. ஆனால் கை சும்மா இருக்காது. பழைய பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி மரத்தில் செய்து ஓட வைத்தாராம். 13 வயதில் அப்பா இறந்துபோனார். கொஞ்சம் பணத்தோடு லண்டனுக்கு வந்து ஓர் ஓவியரிடம் தொழில் பழகப் போனார். வர்ண எண்ணெய் வாடை தலைவலியைக் கிளப்பிவிட, அதை விட்டுவிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். 1653 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே பணக்கார மாணவருக்குப் பணிவிடை செய்து படிக்கும் மாணவர்கள் உண்டு. ஹூக்கும் அப்படித்தான் படித்தார் என்கிறார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கப்பா லாரி பட்டை அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஃபீஸ் கட்ட லீவு நாட்களில் நானும் அங்கே சம்மட்டி பிடிப்பது உண்டு. படிக்கிற இடத்திலேயே அடுத்தவனுக்கு ஏவல் செய்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயில் என்ற செல்வந்தர் இவரை உதவியாளராக வைத்துக்கொண்டார். பாயில் விதியை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அந்தச் சோதனைகளுக்கான காற்றுப் பம்பு ஹூக் கைவண்ணம். 1662இல் லண்டன் ராயல் சொசைட்டி இவரைச் சோதனைப் பொறுப்பாளராக நியமித்தது. வாராவாரம் கூட்டத்துக்கு மூன்று நான்கு சோதனைகள் செய்து காட்ட வேண்டும். கனவான்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், இவர் நின்று செய்வார். அப்படியும் 1665இல் நுண்ணோக்கியில் பார்த்ததையெல்லாம் தானே வரைந்து மைக்ரோகிராஃபியா என்ற நூலை வெளியிட்டார். உயிரியலில் செல் என்ற பெயர் அதில் அவர் தக்கையைப் பார்த்து வைத்ததுதான்.

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. ரொட்டிக் கடையில் பிடித்த தீ, ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் கொண்டுபோனது. நகரத்தின் சர்வேயர்களில் ஒருவராக ஹூக் சாம்பலுக்குள் இறங்கி, யாருடைய மனை எது என்று அளந்து குச்சி நட்டுக் கொடுத்தார். நண்பர் கிறிஸ்டோபர் ரென்னோடு சேர்ந்து எழுப்பிய தீ நினைவுத் தூண், 202 அடி உயரம், இன்றும் நிற்கிறது.

இத்தனை வேலைக்கும் நடுவில்தான் சுருள்வில். சோதனை ரொம்ப எளிது. நீளமான கம்பியை ஆணியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு தட்டைக் கட்டி, எடையைக் கூட்டிக்கொண்டே போய் நீட்சியை அளந்தார். எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டித்தது. சுருள்கம்பியிலும் அதே கதை, காய்ந்த மரத்துண்டு வளைவதிலும் அதே கதை. ஆனால் அதை உடனே வெளியே சொல்லவில்லை. எவனாவது கொண்டுபோய்விடுவான் என்ற பயம். 1676இல் ஒரு நூலின் கடைசியில் லத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். 1678இல்தான் விடையை வெளியிட்டார். கண்டுபிடித்து 18 வருஷம் ஆகிவிட்டது என்றும் அப்போது சொன்னார். அதே 1676 நூலில் இன்னொரு புதிரும் இருந்தது: தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பினால் நிற்கும் வளைவின் சரியான வடிவம் கிடைக்கும் என்பது.

எனக்கு அந்தப் பயம் புரிகிறது. எங்கப்பா ஒரு பட்டையைப் பார்த்தே, இது ஓவர்லோடு ஏத்தினது, இனி நிமிராது என்று சொல்லிவிடுவார். அந்த அறிவுக்கு அவர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. பில்லில் பட்டறை முதலாளி பெயர்தான் இருக்கும்.

நியூட்டனோடு நடந்த சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இரண்டு பக்கமும் அழகு இல்லை. சூரியனின் ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்குத் தக்கபடி குறையும் என்று ஹூக் கடிதத்தில் எழுதியது உண்மை. அதைக் கணக்குப் போட்டு நிரூபித்தவர் நியூட்டன் என்பதும் உண்மை. 1684இல் நண்பர்களிடம் நிரூபணம் கையில் இருப்பதாகச் சொன்ன ஹூக், கடைசி வரை அதைக் காட்டவில்லை. நியூட்டனோ கோபத்தில் தன் நூலில் ஹூக் பெயர் வந்த இடங்களை வெட்டினார். 1703 மார்ச் 3ஆம் நாள் ஹூக் இறந்தார். அதே வருஷக் கடைசியில் நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். சிக்கனமாகவே வாழ்ந்த ஹூக்கின் அறையில் ஒரு பெட்டி இருந்தது, அதில் 8,000 பவுனுக்கு மேல் பணம்!

இப்போது விளையாட்டுக்குத் திரும்புவோம். பீம்என்ஜியில் ஒரு விநாடிக்கு 2,000 தடவை கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கம்பியின் நீளத்தைப் பழைய நீளத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை விறைப்பால் பெருக்கி, அந்த விசையை இரண்டு முனைப் புள்ளிகளுக்கும் கொடுக்கிறார்கள். அந்தப் பெருக்கல் ஹூக்குடையது. விசையிலிருந்து புள்ளி எங்கே நகரும் என்பது நியூட்டனுடையது. உயிரோடு இருந்தபோது ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒரே வரியில் வேலை செய்கிறார்கள். ஏன் 2,000 தடவை என்றால், இரும்பு ரொம்ப விறைப்பு. கணக்கின் இடைவெளி பெரிதானால் கம்பி தன் இடத்தைத் தாண்டிப் போய்விடும். அடுத்த கணக்கில் இன்னும் பெரிய விசை வந்து எதிர்ப்பக்கம் எறியும். கொஞ்ச நேரத்தில் நிற்கிற காரே வெடித்துச் சிதறும். நாங்கள் விறைப்பு எண்ணுக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்துப் பார்த்தோம். அப்படியேதான் ஆனது. அறையில் ஒரே சிரிப்பு.

பொங்கல் லீவில் எங்கப்பாவிடம் செல்போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். முன் ஆக்ஸில் மடங்குவதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பட்டை முதலில் விரியும், அப்புறம்தான் ஆக்ஸில் பின்னால் போகும், இதில் சரியாக வந்திருக்கிறது என்றார். இந்த விதியை எழுதினவரு யாரு, எப்படி இருப்பாரு என்று கேட்டார்.

மலர்க்குழுவினரும் அதையேதான் கேட்டார்கள், கட்டுரைக்குப் படம் வேண்டுமாம். ஹூக்குக்கு நம்பத்தக்க படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நியூட்டன்தான் அழித்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு, ஆதாரம் கிடையாது. அதனால் படம் வர வேண்டிய இடத்தில் ஆணியும் கம்பியும் எடைத்தட்டும் வரைந்து கொடுத்திருக்கிறேன். வெறுங்கையால் வரைந்தது. கோடு கோணலாக இருந்தால் டிராயிங் சார் மன்னிக்கவும்.