பாட்டால் சங்கம் வளர்த்த மீனாட்சியம்மாள்



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனால், வேலைக்கு வந்த நம்ம பிள்ளைகள் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் பாட ஆரம்பித்தால் போதும், பத்துப் பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆள் கூட்டுகிற இந்தச் சக்தியை வைத்தே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் சங்கம் வளர்த்தார் ஓர் அம்மையார். அவர்தான் மீனாட்சியம்மாள்.

அவர் கணவர் தஞ்சாவூர்க்காரர், கோ. நடேசய்யர். அந்தக் காலத்தில் துரை உத்தரவு இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷம் போட்டு உள்ளே போய், லயங்களில் நம்மவர் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தார். பிறகு 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். பெண்களின் உரிமை பற்றி அம்மாளும் அதில் எழுதினார்.

ஆனால் பத்திரிகை அச்சடித்து என்ன செய்ய? கொழுந்து பறிக்கிற கைகளில் எழுத்துத் தெரிந்தவை எத்தனை? அதனால்தான் அம்மாள் மேடையேறிப் பாடினார். முதலில் பாடியது பாரதியார் பாட்டு. பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டவே யோசித்த காலம் அது. பாட்டுக் கேட்டு ஜனம் கூடும். கூடின ஜனத்திடம் சங்கம் பற்றிப் பேசுவார்கள்.

போகப் போக அவரே பாட்டுக் கட்டினார். மெட்டுக்கு அவர் எங்கேயும் அலையவில்லை. ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகின மெட்டையே எடுத்துக்கொண்டு, அதில் நம்ம கஷ்டத்தை வைத்தார். ஒருதரம் கேட்டவர் மறுநாள் மலையில் முணுமுணுக்கலாம், படிப்பு வேண்டியதில்லை.

1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்து நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். உலகமெங்கும் வியாபாரம் படுத்து, தோட்டத்தில் சம்பளம் வெட்டின நேரம் அது. 1939இல் அரசாங்க வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகள் நீக்கப்பட்டார்கள். உழைத்தவனைப் போ என்று சொல்வது என்ன நியாயம் என்று கேட்கும் பாட்டுகளை, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற புத்தகமாக 1940இல் அச்சிட்டார் அம்மாள். ஒற்றுமை இல்லாவிட்டால் வாழ்வில்லை என்றும் எச்சரித்தார்.

1947இல் நடேசய்யர் காலமானார். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அம்மாள் பயந்தது நடந்தேவிட்டது.

என் பாட்டி ஜொகூரில் பால்மரம் வெட்டியவள். விடியற்காலை இருட்டில் பாடிக்கொண்டே போவாள். அதில் ஒரு அடிகூட எங்களிடம் இல்லை, யாரும் எழுதி வைக்கவில்லை. மீனாட்சியம்மாள் பாட்டு இன்றும் இருக்கிறதென்றால், அச்சிட்டு வைத்ததால்தான்.

உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பாட்டி இருக்கிறாரா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த வாரமே எழுதி வாங்குங்கள். நம்ம சரித்திரம் அதிலேதான் இருக்கிறது.